மல்லிகைக்காக வெட்டிய வசனம்

பத்தொன்பது வருடங்களாக ஒரு வாரப் பத்திரிகையில் தோட்டக் கட்டுரை எழுதுகிறேன். மூன்று மாத மழையை நம்பி ஒன்பது மாதம் காயும் யாழ்ப்பாணத்தில் எதை நடலாம், தண்ணீரை எப்படி மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் என் எழுத்து. ஊருக்குப் புத்தி சொல்வதில் எனக்குக் கொள்ளை ஆசை. யாராவது மறுத்துப் பேசினால் கோபமும் வரும்.

இந்த ஆவணியில், மாரி மழைக்கு முன் கிணறு இறைப்பதைப் பற்றி எழுதினேன். நீர் வற்றிய நேரம் பார்த்து இரண்டு மோட்டர் பூட்டி, அடி தெரியும்வரை இறைத்து, சேற்றை அள்ளவேண்டும். கடலுக்கு எட்டத்திலுள்ள உரும்பிராயில் என் வீட்டில் வருடா வருடம் அப்படித்தான். இடம் போதவில்லை, இரண்டு வரி குறையுங்கள் என்றார் ஆசிரியர். இரண்டு வசனங்களில் ஒன்றை வெட்டினால் போதும். ஒன்று, கடற்கரையோரத்தார் இதைச் செய்யவே கூடாது என்பது. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாகத்தான் கிடக்கும். மேலதை இறைத்தால் கீழது ஏறிவிடும். மற்றது என் மல்லிகையைப் பற்றியது. கரையோரத்தாருக்கு இதுகூடத் தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, மல்லிகையை வைத்துக்கொண்டேன்.

புரட்டாதியில் ஒரு நாள் கடற்கரையோரக் கொழும்புத்துறையிலிருந்து லூர்த்தம்மா என்ற வாசகி இரண்டு பஸ் மாறி வந்தார். பையிலிருந்து என் கட்டுரையையும், ஓரம் கருகிய கத்தரி இலைகளையும், ஒரு சோடாப் போத்தலில் தண்ணீரையும் எடுத்து மேசையில் வைத்தார். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல்தான். வீட்டுக்குக் குடிதண்ணீரும் அந்தக் கிணறுதானாம்.

"என்ரை மனுசன் வேண்டாமெண்டுதான் சொன்னவர். அக்கா எழுதியிருக்கிறா எண்டு நான்தான் பிடிவாதம் பிடிச்சனான். நீங்கள் எழுதினபடிதான் செய்தது. நான் எதிலை பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ அக்கா."

ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். மழை வந்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். ஒரு மாரியில் சரியாகுமா என்பது எனக்கே தெரியாது. அவர் நம்பினார். அதுதான் என்னைக் கொன்றது. புறப்படும்போது, பக்கத்து வீட்டுச் செபநாயகம் நாளைக் காலை கிணறு இறைக்கப்போவதாகவும், கட்டுரையைத் தானே அவருக்கும் வாசித்துக் காட்டியதாகவும் சொன்னார். தான் விட்ட பிழை தெரிந்தால் அவருக்காவது சொல்லலாமாம்.

"இருங்கோ, பிழை உங்களிலை இல்லை" என்றேன். வெட்டிய வசனத்தைச் சொன்னேன். வெட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லூர்த்தம்மா முதலில் செபநாயகத்துக்குத்தான் போன் எடுத்தார். இறைக்கவேண்டாம், பிறகு வந்து சொல்கிறேன் என்றார். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, மேசையில் கிடந்த கட்டுரையை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப, அதை வெட்டிப்போட்டு எதை வைச்சனீங்கள்?"

பத்திரிகைத் துண்டில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். சோளகக் காற்றில் இலை உதிர்த்து நின்ற என் மல்லிகை, ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஏழாம் நாள் பூத்து நன்றி சொன்னது என்று இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

"வடிவான வசனம். அதை நான் ரெண்டுதரம் வாசிச்சனான்."