ஐந்தாம் நிலையத்தின் விளக்கு

மலை வாய் திறந்த அன்று லியோங்கா மலைமேல் இருந்தான்.

மலையடிவாரத்து ஊரான புவேயாவில் எங்கள் கண்காணிப்பு அறையில் நாங்கள் மூன்று பேர். நான் நிலநடுக்கம் படிப்பவன். வயதில் மூத்த ஆணை எங்கள் பக்கம் 'மோலா' என்போம், அதனால் என் பெயரே மறந்துபோய் எல்லோருக்கும் மோலா ஆகிவிட்டேன். எனங்கா வலையமைப்பைப் பார்ப்பவள். நாற்காலியை விட்டு எழாமலே மலை முழுவதையும் சுற்றி வருவாள். லியோங்காவுக்கு நாற்காலியே ஆகாது. பேட்டரி மாற்ற, கம்பி இழுக்க, எலி கடித்த கேபிளைச் சரிபார்க்க என்று எப்போதும் மேலே ஏறிக்கொண்டே இருப்பான்.

மலையின் இடுப்பில் கட்டிய கயிறு மாதிரி ஒரு கண்ணாடி இழைக் கேபிள் ஓடுகிறது. அதன் வழியில் அங்கங்கே நிலையங்கள். நிலையம் என்றால் ஓர் இரும்பு அலமாரி, ஒரு சூரியத் தகடு, நிலநடுக்கமானி, காற்றுமானி. அலமாரிக்குள் ஒரு ஸ்விட்ச். வரும் கேபிள்களை எல்லாம் வாங்கி, எது எங்கே போகவேண்டுமோ அங்கே பிரித்து அனுப்பும் தட்டைப் பெட்டி. கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேலே ஒரு சின்ன விளக்கு. உயிர் இருந்தால் பச்சை.

அன்று காலை ஐந்தாம் நிலையத்துக்குப் புது பேட்டரியோடு போனான் லியோங்கா. கடல் பக்கத்தில் நான்காம் நிலையத்தருகே வண்டியை விட்டுவிட்டு, மடிக்கணினி கனம் என்று அதையும் வண்டியிலேயே போட்டுவிட்டு, நடந்து ஏறினான். மதியச் சாப்பாட்டுக்கு முன் மலை உறுமியது. என் திரையைக் கோடுகள் நிரப்பிவிட்டன. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மேற்குச் சரிவில் ஒரு கரும்புகைத் தூண் எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானத்தில் பாதியை விழுங்கியது. தெருவில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "எபாசா மோட்டோ எழுந்துட்டாரு" என்றார். எபாசா மோட்டோ என்பவர் பாதி மனிதன், பாதி கல்லான எங்கள் மலைத் தெய்வம். நான் படித்த படிப்பு அந்த நேரத்தில் கிழவரை மறுத்துப் பேசவில்லை.

மேற்குச் சரிவிலிருந்த அலைக்கோபுரம் எரிந்து விழுந்தது. கைபேசியும் வாக்கிடாக்கியும் ஒன்றாகச் செத்தன. கேபிள் மட்டும் மிச்சம்.

எனங்கா தன் கணினியிலிருந்து கேபிள் வழியாக ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் நுழைந்து கட்டளை தட்டினாள். ஸ்விட்ச் தன் உடம்புச் சூட்டையே சொல்லும், கேட்டால்.

"மோலா, நாலுல சூடு ஏறுது."

"எவ்வளவு?"

"அம்பத்தெட்டு. இப்பத்தான் கேட்டேன், நாப்பத்தொண்ணுன்னு சொல்லிச்சு." மறுபடி தட்டினாள். "எழுபத்தாறு."

மறுபடி தட்டினாள். பதில் இல்லை. நான்காம் நிலையத்தின் வரிசையில் எல்லாமே 'டவுன்' என்று விழுந்தது. உயிர் இருந்தால் 'அப்', போனால் 'டவுன்'.

நான் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். நெருப்புக் குழம்பு கடல் பக்கப் பாதையில் இறங்குகிறது. லியோங்காவின் வண்டி நிற்கும் பாதை. ஐந்திலிருந்து இறங்க இரண்டே வழி. ஒன்று அது. இன்னொன்று புவேயா பக்கம், ஆறாம் நிலையம் வழியாக. சாம்பல் இருட்டில் நிற்கிறவன் எதைத் தேடுவான்? வண்டியைத்தான்.

"அவன் கீழ எறங்கியிருப்பானா?" என்றேன்.

எனங்கா திரையை என் பக்கம் திருப்பினாள். ஐந்தாம் ஸ்விட்சின் பதிவு அவள் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நிலநடுக்கமானி செருகிய ஒன்றாம் போர்ட் டவுன். அப். டவுன். அப். டவுன்.

"நடுக்கமானி சாகுது," என்றேன்.

"இல்ல மோலா. பாருங்க. மூணு தடவ, ஒரு இடைவெளி. மூணு தடவ, ஒரு இடைவெளி. சாகுற மெஷின் எண்ணிச் சாகுமா?" விரலால் வரிகளை எண்ணிக் காட்டினாள். "லியோங்கா கேபிளைப் புடுங்கிப் புடுங்கிச் செருகுறான்!"

அந்தப் புகைக்குள், அந்த உறுமலுக்குள், ஒரு மனிதன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான். தட்டுகிற சத்தம் எங்கள் மேசையில் எழுத்தாக விழுகிறது.

அப்போது பதிவு நின்றது. கடைசி வரியைப் படித்ததும் எனங்கா நெற்றியில் அறைந்துகொண்டாள். ஒரு போர்ட் அடிக்கடி அணைந்து எரிந்தால் அது கெட்ட கேபிள் என்று எடுத்துக்கொண்டு ஸ்விட்ச் அதைப் பூட்டிவிடும். அந்த விதியைப் போட்டது அவள்தான். இனி அவன் எத்தனை முறை செருகினாலும் விளக்கு பச்சையாகாது. மஞ்சளாகவே நிற்கும்.

"தெறக்க முடியாதா?"

"இங்கேருந்து முடியும். ஆனா விரல் தவறி எட்டாம் போர்ட்டை மூடிட்டேன்னா போச்சு. ஆறாம் நிலையத்துலேருந்து நம்ம பேச்சே அது வழியாத்தான் உள்ள போகுது."

போர்ட்டின் எண்ணைத் தட்டினாள். நிறுத்தி, வாய்விட்டுப் படித்தாள். "ஒண்ணு. ஒண்ணுதானே மோலா?"

"ஒண்ணுதான்."

மூடும் கட்டளை. பிறகு திறக்கும் கட்டளை. ஒன்றாம் போர்ட் அப்.

மேலே ஒரு விளக்கு மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியிருக்கும். பூட்டிய போர்ட் தானாகத் திறக்காது என்பது லியோங்காவுக்குத் தெரியும். ஆள் இருந்தால்தான் திறக்கும்.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு மிக மெதுவாக, ஒன்றாம் போர்ட் ஒருமுறை அணைந்து எரிந்தது.

"பார்த்துட்டான்," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டாம் போர்ட்டை ஒருமுறை மூடித் திறந்தாள். காற்றுமானியின் விளக்கு கண் சிமிட்டியிருக்கும்.

அடுத்து வந்த வரிதான் எனக்கு இன்றும் கனவில் வருகிறது. ஒன்று டவுன். நான்கு அப்.

"நாலாம் போர்ட்டுல என்ன இருக்கு?" என்றேன்.

"ஒண்ணுமே இல்ல. காலி. ஒண்ணுலேருந்து புடுங்கி அங்க செருகியிருக்கான்." திடீரென்று எழுந்து நின்றாள். "மோலா, கேள்வி கேக்குறான்! டாக்சிய நிறுத்தி ஊர் பேரு சொல்றமாதிரி. நாலாம் நிலையத்துக்குப் போகட்டுமான்னு கேக்குறான்!"

எங்கள் ஊர் டாக்சிக்காரன் சம்மதம் என்றால் ஒருமுறை ஹாரன் அடிப்பான். இல்லையென்றால் பேசாமல் போய்விடுவான். பேசாமல் இருப்பது இங்கே ஆபத்து, கேள்வி எங்களுக்கு வந்து சேரவில்லை என்று லியோங்கா நினைத்துவிடுவான். எனங்கா நான்காம் போர்ட்டையே மூடினாள். திறக்கவில்லை. அவன் கண்ணெதிரே அந்த விளக்கு செத்திருக்கும்.

"புரிஞ்சுக்கடா, எருமை," என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். "அந்தப் பக்கம் போகாதடா."

ஆறு அப்.

அவள் விரல்கள் பறந்தன. ஆறாம் போர்ட் மூடல், திறப்பு. ஒரே ஒரு ஹாரன்.

உடனே ஆறு டவுன். அப்புறம் ஒன்று அப். கிளம்புவதற்கு முன் அந்தப் பைத்தியக்காரன் நடுக்கமானியை அதன் இடத்தில் செருகிவிட்டுப் போயிருக்கிறான். என் திரையில் ஐந்தாம் நிலையத்தின் கோடு மீண்டும் துள்ளத் தொடங்கியது.

"வேலைக்காரன்தான்," என்றேன்.

பிறகு காத்திருப்பு. எனங்கா ஐந்தின் சூட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாற்பத்து நான்கு. ஐம்பத்து இரண்டு. அறுபத்து ஒன்பது. கேட்ட ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி மரியாதையாகப் பதில் சொன்னது. தன்னை நோக்கி என்ன வருகிறது என்று அதற்குத் தெரியாது. தொண்ணூற்று மூன்று என்றது. அதற்கப்புறம் அது பேசவில்லை. ஆறாம் நிலையத்தின் பதிவில் ஒரு வரி: ஐந்தோடு தொடர்பு அறுந்தது.

எனங்கா கைகளைக் கோத்துக்கொண்டாள். நான் ஜெபிக்கிறேனா, வரைபடத்தில் தூரத்தை அளக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஆறாம் நிலையம், ஒன்றாம் போர்ட். டவுன். அப். ஒரே ஒருமுறை.

எனங்கா போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே லியோங்கா வந்து சேர்ந்தான். தலைமுதல் கால்வரை சாம்பல், பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளை.

"ஆஷியா," என்று அவன் தோளைப் பிடித்தேன். பட்ட பாட்டுக்கெல்லாம் எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்தான்.

"வண்டி போச்சு மோலா," என்றான்.

"உன் வாயும் போயிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்," என்றாள் எனங்கா. கண்ணைத் துடைத்தபடி.

அவன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தான். "நெருப்பு ஒரு ஆறு மாதிரி மரத்தையெல்லாம் தின்னுட்டு வருது. அத்தன பெருசு. நான் அதப் பாக்கவே இல்ல எனங்கா. அரிசி அளவு வெளிச்சம், அதத்தான் பாத்துட்டிருந்தேன். மஞ்ச பச்சையா மாறிச்சு பாரு, யாரோ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டமாதிரி இருந்துச்சு."

குழம்பு ஓய்ந்து, போகலாம் என்று உத்தரவு வந்தபின் மூவரும் ஏறினோம். ஐந்தாம் நிலையம் இருந்த இடத்தில் கருங்கல் சுவர் ஒன்று எங்கள் தலைக்கு மேல் நின்றது. அலமாரி இல்லை, தகடு இல்லை. ஆறாம் நிலையத்திலிருந்து வந்த கேபிள் மண்ணிலிருந்து எழுந்து நேராக அந்தக் கல்லுக்குள் போயிருந்தது. எனங்கா குனிந்து, கேபிள் நுழைந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னும் சூடா இருக்கு," என்றாள்.

நாங்களும் தொட்டுப் பார்த்தோம்.