எதிர்வீட்டுக்குப் போன பிஸ்கட்டுகள்

தபால் ஆபீஸில் பார்சல் எடை போடுகிறவள் சுட்ட பிஸ்கட்டுகள் பதினாறும் தட்டிலிருந்து எழும்பி, சமையலறையைக் கடந்து, வாசல் கதவின் அடி இடுக்கு வழியாக எதிர்வீட்டுக்குப் போனது ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. முழங்கால் உயரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை கலையாமல் போயின. கதவருகே மட்டும் கொஞ்சம் தாழ்ந்துகொண்டன. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் மாடிப்படியில் ஒதுங்கி வழிவிட்டார். கடைசி பிஸ்கட்டு போன பிறகு நோட்டில் யூனிட்டை எழுதிக்கொண்டு அடுத்த மாடிக்கு ஏறினார். மாலைக்குள் மூன்று மாடிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் அன்றைக்குத் தண்ணீர் மோட்டார் பழுதாகிக் கிடந்ததால் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

எதிர்வீட்டில் இருந்தவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் தம்பி மனைவி. அண்ணன் தம்பி இருவரும் ஒரே பஸ் டிப்போவில் மெக்கானிக்குகள். சண்டை போடத் தெரியாத மனிதர்கள் என்பதால் எதிரெதிர் வீடாகப் பார்த்துக் குடிவந்துவிட்டார்கள். மூத்தவளுக்கு ஒரே பெண். அப்போது ஒன்பது வயது, வீட்டில் பாப்பா. இளையவளுக்குக் குழந்தை இல்லை. பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை இங்கே எறிவாள், ஆளை அங்கே தேட வேண்டும். காரணம் இளையவள் சுடும் பிஸ்கட். சர்க்கரை ஆலையில் தார் மாதிரி கறுப்பாக வடிகிற பாகை வாங்கி வருவாள்; இனிப்பில் பாதி, கசப்பில் பாதியாக இருக்கும் அது. அதை வெண்ணெயோடு குழைத்து, சுக்கு, பட்டை, கிராம்பு பொடித்துப் போட்டு, மாவைக் குளிரவைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டிச் சீனியில் புரட்டி ஓவனில் வைப்பாள். மேலே வெடித்துக் கோடு விழுந்ததும், நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பாப்பா கேட்டாள்: "சித்தி வீட்டு வாசனை நம்ம வீட்ல ஏம்மா வர மாட்டேங்குது?" தாய்க்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பெற்றது ஒருத்தி, பெண் ஒட்டிக்கொள்வது இன்னொருத்தியிடமா என்று அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாளே சுற்றி வளைத்து, பாப்பா பிடுங்கி எடுக்கிறாள் என்று சாக்குச் சொல்லி, செய்முறை கேட்டாள். இளையவள் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தாள். ஒன்று விடாமல் என்பதைத்தான் மூத்தவளால் நம்ப முடியவில்லை. ஏனென்றால் தன்னிடம் யார் எந்தச் செய்முறை கேட்டாலும் ஏதாவது ஒரு சாமானை விழுங்கிவிட்டுத்தான் சொல்வாள். இதே இளையவளுக்குச் சோடாமாவைச் சொல்லாமல் கேக் சொல்லிக்கொடுத்து, அது செங்கல்லாக வந்ததைப் பார்த்து "உன் கைராசி அப்படி" என்றும் சொன்னவள். தன்னைப்போல் பிறரையும் நினை என்று பெரியவர்கள் சொன்னதை அவள் இப்படித்தான் கடைப்பிடித்தாள். நான்கு நாள் மாடிப்படியில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்து, மறைக்கப்பட்டது மிளகுதான் என்று முடிவுக்கு வந்தாள். மற்றதையெல்லாம் ஆபீஸ் துல்லியத்தோடு நிறுத்துப் போட்டாள். மிளகை மட்டும் ஆத்திரம் சொன்ன அளவுக்குப் பொடித்துப் போட்டாள். உருட்டும்போது கண் மாவில் இருந்தாலும் காது எதிர்வீட்டில் இருந்தது. அங்கே பாப்பா எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்படிச் சுட்டவைதான் போய்விட்டன. பத்து நிமிஷத்தில் இளையவள் அவற்றை ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்தாள்.

"அக்கா, உங்க பிஸ்கட்டு எங்க வீட்டுக்கு வந்துடுச்சு."

மூடியைத் திறந்ததும் அவை மறுபடி எழும்பிப் போயின. மூத்தவளுக்கு மானம் போயிற்று. "மனுஷன் வாயில வைக்க முடியாது அது. குப்பைல போட்டுடு" என்று கதவைச் சாத்தினாள். அடுத்த சனிக்கிழமை இடுக்கில் சாக்கை அடைத்தாள்; சமையலறையின் புகைபோக்கி வழியாகப் போயின. பாத்திரத்தைக் கவிழ்த்து மேலே அம்மிக்கல்லை வைத்தாள். பாத்திரத்தையும் கல்லையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய், கல்லை மட்டும் எதிர்வீட்டு மிதியடியில் இறக்கிவிட்டன. ஒன்றையாவது பிடித்துக் கடித்துப் பார்க்க முயன்றாள். ஆறும் வரை அவை நிற்கவில்லை, ஆறாததைக் கையால் தொட முடியவில்லை. கடையில் வாங்கிக்கொண்டால் என்ன என்று கணவன் ஒரு தடவை கேட்டுவிட்டு நான்கு நாள் தானே தட்டில் போட்டுச் சாப்பிட்டான். நிறுத்தினால் தோற்றதாகிவிடும் என்று அவள் மூன்று வருஷம், ஒரு சனிக்கிழமை விடாமல் சுட்டாள். எதிர்வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. கட்டடத்துக்காரர்கள் சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் படியில் சைக்கிள் சாத்துவதை விட்டுவிட்டார்கள்.

பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயதான பிறகு ஒரு நாள், தலை வாரிக்கொள்ளும்போது அவளாகவே சொன்னாள்: "சித்தி வீட்டு பிஸ்கட்ல பின்னாடி மிளகு காரம் ஒண்ணு வரும் பாரு, அதாம்மா எனக்குப் பிடிக்கும்." தாயின் கையில் சீப்பு நின்றது. மூன்று வருஷமாக மனசில் வைத்துப் புழுங்கியது மெய்யாகிவிட்டது. அவளுக்கு வந்த கோபத்துக்குள் சந்தோஷமும் இருந்தது. அலமாரியிலிருந்து காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு, பாதி பின்னிய பின்னலோடு பெண்ணை விட்டுவிட்டு, எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள்.

"இதுல மிளகு எங்க இருக்கு, காட்டு. ஏன் மறைச்ச?"

இளையவள் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. "நான் மிளகே போட்டதில்லக்கா. அது நீங்க போட்டது."

மூத்தவளுக்கு விளங்கவில்லை. இளையவள் ஓவன் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே குக்கர் மூடி, பழைய டிபன் கேரியர், வெங்காயக் கூடை. ஓவன் அலமாரியாகிப் பல காலம் ஆகியிருந்தது. "உங்களுது வர ஆரம்பிச்ச மாசமே பாப்பா என்னுதை ஒதுக்கி வச்சுட்டா. தட்டுல ரெண்டையும் கலந்து வச்சாலும் உங்களுதைத் தேடி எடுப்பா. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. நீங்க குப்பைல போடச் சொன்னீங்க. நான் எடுத்து வச்சேன். என்னுதுன்னு அவ நெனச்சுக்கட்டும்னு இருந்துட்டேன். உங்க கைப்பக்குவம்னு தெரிஞ்சா அவ இங்க எதுக்கு வருவா?"

மூத்தவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தன் கைப் பண்டத்தின்மீதே மூன்று வருஷம் பொறாமைப்பட்டு வயிறெரிந்தவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சிரித்திருக்கலாம். அவளோ பாப்பா எதிர்வீட்டில் கழித்த ஒவ்வொரு மாலையையும் நினைத்து, இளையவளை என்ன செய்தால் தகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் பாதிப் பின்னலோடு பாப்பா வந்து நின்றாள். டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"அம்மா சுட்டதுன்னு எனக்கு முதல்லேர்ந்தே தெரியும். படியில வர்றப்ப பாத்திருக்கேன்ல. நம்ம வீட்ல அது நிக்க மாட்டேங்குது, இங்க வந்துதான் நிக்குது. அதான் நானும் வர்றேன்."

தாய் எழுந்து வந்து பெண்ணின் பின்னலை அங்கேயே நின்று முடித்தாள், வழக்கத்தைவிட மெதுவாக. இளையவள் ஓவன் முன்னால் குந்தி, குக்கர் மூடியை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு கேரியரை, பிறகு வெங்காயக் கூடையை.

அடுத்த சனிக்கிழமை இளையவளும் சுட்டாள். உருட்டும்போது அவள் காது எங்கே இருந்ததோ, பத்தேகாலுக்கு அவளுடைய பதினாறும் எழும்பி மூத்தவள் வீட்டைப் பார்த்துக் கிளம்பின. எதிரே மூத்தவளுடையவை வந்துகொண்டிருந்தன. இளையவளுடையவை மரியாதை தெரிந்தவை, சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டன. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வாரமும் தவறவில்லை. பாப்பா இப்போது எந்த வீட்டுக்கும் போவதில்லை. பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். இந்த வரிசையிலிருந்து ஒன்று, அந்த வரிசையிலிருந்து ஒன்று என்று பார்க்காமலே கைநீட்டி எடுக்கிறாள். இரண்டு கதவும் ஒரு சாண் திறந்திருக்கின்றன. எதை முதலில் எடுக்கிறாள் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.