மடங்கிக் கிடந்த இறக்கைகள்

அண்ணனின் விதைப்பு இயந்திரத்தைக் கொட்டகையில் வைத்துத்தான் அளந்தேன். அகலம் மூன்று மீட்டர். மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் மூன்றுதான். போக மூன்று, வர மூன்று, கன்றுகளுக்கு ஒதுங்க ஒன்று. ஏழு மீட்டருக்கு ஒரு வரிசை என்று நோட்டில் கோடு போட்டு, போன அறுவடை முடிந்ததும் நானூறு மரக்கன்றுகள் நட்டேன். காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போகாமல் மரம் தடுக்கும், நடுவில் பயிர் வளரும் என்று மாலை வகுப்பில் படித்திருந்தேன். அண்ணன் அரை மனதோடு சம்மதித்தான்.

இன்று காலை வயலில் அவன் இயந்திரத்தின் இரண்டு பக்க இறக்கைகளையும் விரித்தான். ஒன்பது மீட்டர். கொட்டகையில் அவை மடங்கிக் கிடந்தன என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்னடி இன்ச் டேப்பு, எங்க ஓட்டறது? உன் தலை மேலயா?"

"மடக்கியிருந்துச்சுண்ணா. நான் கவனிக்கல."

"ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பிடுங்கு. சாயங்காலம் மழையாம். நனைஞ்சா சேத்துல வண்டி இறங்காது."

இருநூறு கன்றுகள். எந்த வரிசையிலிருந்து தொடங்குவது என்று நோட்டைப் புரட்டினேன், மூடினேன், மேகத்தைப் பார்த்தேன். முதல் கன்றைப் பிடித்து இழுத்தேன். ஆடியது, வரவில்லை.

"பிடுங்கச் சொன்னா தடவிக் குடுத்துட்டு நிக்கற."

கன்றை விட்டுவிட்டு இயந்திரத்திடம் ஓடினேன். ஒவ்வொரு இறக்கைக்கும் தனி கொண்டி இருந்தது. மறுபடி அளந்தேன். இந்தத் தடவை விரித்து.

"அண்ணா, ஒரு இறக்கையை மட்டும் விரிச்சா ஆறு மீட்டர். ஏழுல போயிடும். போகும்னு நினைக்கறேன்."

"நினைக்கறியா?"

"போகும்."

அவன் டயரை உதைத்தான். "அப்படி ஓட்டினா மழைக்கு முன்னாடி முடியாது."

"மிச்சத்தை நான் கையால விதைக்கறேன்."

"இடுப்பு ஒடிஞ்சிடும்."

"ஒடியட்டும்."

அவன் ஒரு இறக்கையை மடக்கினான். அவன் ஓட்ட ஓட்ட, நான் வரப்பில் முன்னும் பின்னும் நடந்தேன். நாலு மணிக்குத் தூறல் விழுந்தபோது வரிசைகளுக்கு நடுவில் இரண்டு இடைவெளிகள் விதைக்கப் பாக்கி. வண்டியைக் கொட்டகைக்குத் திருப்பும் முன் விதை மூட்டையை என் காலடியில் இறக்கினான்.

"டேப்பைப் பிடிச்சு ஒவ்வொண்ணா போடாத. விடிஞ்சிடும்."

கால் புதையப் புதைய முடித்தேன். ஆழம் சரிதானா என்று தெரியவில்லை. வரும் வழியில் நான் ஆட்டிவிட்ட அந்த முதல் கன்றைத் தேடி, அடி மண்ணை நன்றாக மிதித்துவிட்டு வந்தேன்.