பெருநாள் வோல்டேஜ்

திரையின் வலது மூலையில் ஒரு சிறிய பேட்டரி படம் இருந்தது. மடிக்கணினியில் வரும் படம். என் முன்னால் இருந்ததோ இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மேசைக் கணினி.

"இது தன்னை லேப்டாப்புன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு சார்," என்றேன்.

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார் கனகசபை.

1999 டிசம்பர், இரண்டாவது வாரம். மலேசியாவில், சுங்கை வே தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த குளிர்பதனக் கிடங்கு. ஏற்றுமதிக்குப் போகும் இறாலை உறைய வைத்திருக்கும் இடம். கனகசபை அதன் மேலாளர். முப்பது வருடம் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்று, அங்கே சேர்ந்தவர். யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். அந்தக் குளிரிலும் டை கட்டியிருந்தார். நான் யு.பி.எஸ். விற்கும் கம்பெனியின் சர்வீஸ் ஆள்.

கிடங்கின் வெப்பநிலையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கணினி பதிவு செய்கிறது. பதிவில் இடைவெளி விழுந்தால் இறாலை வாங்குபவர்கள் ஏற்க மாட்டார்கள். அதற்காகத்தான் யு.பி.எஸ். மின்சாரம் போனால் அந்தப் பெட்டி தன் பேட்டரியிலிருந்து கால் மணி நேரம் கொடுக்கும். யு.எஸ்.பி. ஒயர் வழியாகக் கணினிக்கும் செய்தி சொல்லும். பேட்டரி தீரும் முன் கணினி தன்னை மூடிக்கொள்ளும்.

அந்த வருடம் நான்கு முறை அப்படி மூடிக்கொண்டிருக்கிறது. ஹரி ராயா நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள், தொழிலாளர் தினம், ஆகஸ்ட் முப்பத்தொன்று சுதந்திர தினம். நான்கும் விடுமுறை. நான்கு முறையும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கம்ப்ரசர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கரண்ட் போகாம இது பேட்டரிக்குப் போகுமா?" என்று கனகசபை கேட்டார்.

"சுவத்துல இருந்து பிளக்கைப் பிடுங்கினா போகும்."

யோசிக்காமல் சொன்னேன்.

"ஓம். அதைத்தான் நானும் சொல்றன்." ஜன்னல் வழியாகக் கேட்டைக் காட்டினார். காவல் கூண்டுக்கு வெளியே ஜாகா, அதாவது காவலாளி, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "தம்புசாமி. நாலு தடவையும் அவன்தான் டியூட்டி. கெட்டில் மாட்டுறானோ, டிவி மாட்டுறானோ. முதல் தடவை விட்டுட்டன், பிறகு மூணு வார்னிங் லெட்டர் குடுத்தாச்சு. இன்னும் ஒரு தடவை நிண்டா ஆள் வெளியில. எனக்கு லாக் வேணும். எத்தனை மணிக்குப் பிடுங்கினான், எத்தனை மணிக்கு மாட்டினான். தர முடியுமா?"

"முடியும்."

எங்கள் சி.டி.யைப் போட்டு டிரைவரை நிறுவினேன். யு.பி.எஸ். இல்லை என்றது நிரல். ஒயர் மாட்டியிருந்தது. பேட்டரி படமும் மூலையில் இருந்தது. எங்கள் டிரைவர் வரும் முன்பே விண்டோஸ் தன் கையிலிருந்த பொது டிரைவரைக் கொண்டு பெட்டியைப் பிடித்துவிட்டது. ஒரு ஒயருக்கு ஒரு டிரைவர்தான். அந்தப் பொது டிரைவருக்கு இரண்டு விஷயம் மட்டும் தெரியும். பேட்டரியில் ஓடுகிறதா, எத்தனை சதவீதம் மிச்சம். வோல்டேஜ் தெரியாது.

பட்டியலிலிருந்து அதை நீக்கிக் கணினியை மறுபடி போட்டேன். மறுபடி பிடித்துக்கொண்டது. ஒயரைக் கழற்றிவிட்டு எங்கள் டிரைவரை நிறுவி, பிறகு மாட்டினேன். அப்போதும் அதேதான். கடைசியில் ஒயரைப் பக்கத்துத் துளைக்கு மாற்றினேன். அந்தத் துளையில் விண்டோஸ் எதையும் பார்த்ததில்லை. எந்த டிரைவர் என்று கேட்டது. காட்டினேன். பேட்டரி படம் மறைந்தது. எண்கள் வந்தன.

உள்ளே வரும் வோல்டேஜ் 239. 240. 239. நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும்படி அமைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கேட்டில் தம்புசாமி என் மோட்டார் சைக்கிளை மறித்தார். ஐம்பது வயதிருக்கும்.

"பாஸ், என்னைப் புடிக்கத்தானே மிஷின் வச்சிட்டுப் போறீங்க?"

"அதுல ஆள் படம் எல்லாம் விழாதுண்ணே. கரண்ட் மட்டும்தான்."

"நல்லா பாக்கட்டும். நான் அந்த ரூம்புக்குள்ளயே போறதில்ல. கண்ணாடி வழியா எட்டிப் பாக்கறதோட சரி."

கூண்டுக்குப் பின்னால் ஒரு தகர அறை. அதன் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பவுனம்மாள் குரல் கொடுத்தார். "ஆயுத பூசைக்கு உள்ள போய் அந்தப் பொட்டிக்குப் பொட்டு வச்சது நாந்தான். எழுதறதா இருந்தா எனக்குத்தான் லெட்டர் எழுதணும்."

"நீ சும்மா இருலா," என்றார் தம்புசாமி. பிறகு என்னிடம் மெதுவாக, "வேலை போனா இந்த ரூம்பும் போயிரும் பாஸ்."

"எல்லா லீவுக்கும் ஏன் நீங்களே டியூட்டி பாக்கறீங்க?"

"இன்னொரு ஜாகா ஹம்சாவுக்கும் எனக்கும் ஒரு பேச்சு. தீபாவளிக்கு ரெண்டு நாள் அவன் பாத்துக்குவான். மத்த லீவு எல்லாம் நான். அவன் லீவுன்னா சொந்த ஊரு கிளந்தானுக்குப் பஸ் ஏறிடுவான். எனக்கு லீவுச் சம்பளம் கெடைக்கும். மத்தவங்க பெருநாளுக்கு நம்ம ஆளுங்கதானே வேலை செய்யறோம்?"

"தீபாவளிக்குக் கம்ப்யூட்டர் நின்னுச்சா?"

"நிக்கல." தலை குனிந்தார். "அதத்தான் சார் புடிச்சிக்கிட்டாரு."

வெள்ளிக்கிழமை போய்ப் பதிவை டிஸ்கெட்டில் எடுத்துக்கொண்டேன். வேலை அத்துடன் முடிந்தது. கனகசபைக்கு அச்சடித்துக் கொடுத்தால் போதும். பிரிக்பீல்ட்ஸில் என் அறைக்குப் போய் எண்களைப் படிக்கத் தொடங்கினேன். ஏன் என்று தெரியவில்லை. என் மனைவி மார்க்கிரட் இறந்து ஒன்பது மாதமாகியிருந்தது. அதற்குப் பிறகு எதையும் கடைசி வரை படித்ததில்லை.

நாலாயிரத்துச் சொச்சம் வரிகள். எல்லாம் 239, 240. ஆனால் நாளுக்கு மூன்று முறை எண் மேலே போனது. காலை ஏழு, பிற்பகல் மூன்று, இரவு பதினொன்று. ஒவ்வொரு முறையும் 243 வரை ஏறி, இருபது நிமிடம் நின்று, இறங்கியது. எல்லா நாளும் அதே நேரம்.

வோல்டேஜ் இறங்கினால் யாரோ மின்சாரத்தை இழுக்கிறார்கள் என்று அர்த்தம். ஏறினால்?

கிடங்கின் கேட்டுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, மூணு மணிக்கு அங்க என்ன நடக்குது?"

"எங்க?"

"உங்க பக்கத்துல. தெருவுல."

"ஷிப்டு மாறும் பாஸ். பேக்டரி பஸ்ஸுங்க வரிசையா நிக்கும். காலையில ஏழு மணிக்கும் அப்படித்தான்."

"ராத்திரி பதினொண்ணு?"

"அதுவும்தான். ஏன்?"

"மெஷினெல்லாம் அப்ப நிக்குமா?"

"ஆமா, ஆளு மாறுற வரைக்கும் நிறுத்துவாங்கலா."

சுவரில் காலண்டர் தொங்கியது. நான்கு தேதிகளையும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் தொழிற்சாலைகள் அவை. எப்போது ஒட்டுமொத்தமாக மூடுவார்கள்?

"தீபாவளிக்கு பேக்டரி ஓடுச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் டெங்கில்ல மச்சான் வூட்டுல இருந்தேன். ஹம்சாவைக் கேட்டுச் சொல்றேன்."

மறுநாள் அவரே கூப்பிட்டார். "ஓடுச்சாம் பாஸ். நம்ம புள்ளைங்க மட்டும்தான் லீவாம். பஸ்ஸெல்லாம் வந்துச்சாம்."

"அடுத்து எப்ப மூடறாங்க?"

"கிறிஸ்மஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும்."

கனகசபைக்குப் போன் செய்து, தொழிற்சாலைகள் நிற்கும்போது வோல்டேஜ் ஏறுகிறது என்றேன். கிறிஸ்மஸ் காலையில் நீங்களும் வந்து உட்கார வேண்டும் என்றேன்.

"வாறன். ஆனா ஒண்டு. நாங்கள் முன்னால இருந்தா அவன் தொட மாட்டான். அண்டைக்கு ஒண்டும் நடக்காட்டி, அதுவே எனக்கு ப்ரூஃப். லெட்டரைக் கையில கொண்டு வருவன்."

போனை வைத்த பிறகுதான் நான் செய்தது உறைத்தது. என் ஊகம் தப்பென்றால் தம்புசாமிக்கு அன்றே வேலை போய்விடும்.

கிள்ளானிலிருந்து மாமியார் போன் செய்தார். கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு வரச்சொன்னார். வேலை இருக்கிறது ஆன்டி என்றேன். உண்மையிலேயே இருந்தது.

சனிக்கிழமை, கிறிஸ்மஸ். எட்டு மணிக்குக் கிடங்கில் இருந்தேன். 244. கனகசபை அரை மணி கழித்து வந்தார். அன்றும் டை. சட்டைப் பையில் நீள உறை. தம்புசாமியைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, எங்கள் கண்ணில் படும்படி, ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அவர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்பதுக்கு 246. ஒன்பதரைக்கு 248. நான் திரையை நோக்கி நாற்காலியை இழுத்துக்கொண்டேன். பத்து மணிக்கு 249. அங்கேயே நின்றது. பத்தேகால், 249. பத்தரை, 249. ஒரு முறை 248-க்கு இறங்கிக்கூட வந்தது.

கனகசபை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு மணி மட்டும் பாப்பம்."

பவுனம்மாள் தேநீர் கொண்டுவந்தார். கிளாஸ்களை வைத்துவிட்டுப் போகாமல் கதவருகே நின்றார்.

"ஏன் சார் அந்த நம்பரு ஏறாம நிக்குது?" என்றார் என்னிடம்.

"இன்னும் எங்கயோ மெஷின் ஓடுதுக்கா," என்றேன்.

"அதான் ஓடுதே. கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. காது கொடுத்த பிறகு கேட்டது. தெருக்கோடியிலிருந்து ஒரே சீரான இரைச்சல். அங்கேயே இருப்பவர்களுக்குத்தான் அது தனியாகத் தெரியும்.

பதினொன்று ஐந்துக்கு அது நின்றது. அப்படி நிற்கும்போது நானும் கவனித்தேன். பவுனம்மாள் கையை உயர்த்தினார். எண் 250 ஆனது. 251.

டக் என்று யு.பி.எஸ்ஸுக்குள் ஒரு சத்தம். பிறகு பீப். பீப்.

தம்புசாமி ஸ்டூலிலிருந்து எழுந்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார். "சார், பாத்துக்குங்க! நான் இங்க இருக்கேன்!"

பிளக் சுவரில் இருந்தது. விளக்கு எரிந்தது. கம்ப்ரசர் ஓடியது. திரையில் 'பேட்டரி' என்று வந்தது. மீட்டரை எடுத்துச் சுவர் சாக்கெட்டில் வைத்தேன். 251.

"கரண்ட் இருக்கு. கூடவா இருக்கு," என்றேன். "பக்கத்துல யாரும் இழுக்கல. மிச்சமெல்லாம் இங்க ஏறுது. இது பயந்துபோய் பேட்டரிக்குத் தாவிடுச்சு."

தம்புசாமி கைகளை இறக்கவில்லை. "எல்லா வூட்டுலயும் பைப்ப மூடினா நம்ம வூட்டுத் தண்ணி பீச்சியடிக்குமே, அந்த மாதிரியா பாஸ்?"

"அதேதான்."

கனகசபை எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரி எழுபது சதவீதத்துக்கு வந்தது.

251-க்கு ஏன் பயப்பட வேண்டும்? நம் ஊர் மின்சாரமே 240 தான். பெட்டியின் நினைவில் பதிந்திருக்கும் வரம்புகளைக் காட்டும் பக்கத்தை நிரலில் திறந்தேன். முதல் நாளே திறந்திருக்க வேண்டும். நாடு: இலங்கை. வோல்டேஜ்: 230. மேல் வரம்பு: 250.

"இதை யார் செட் பண்ணது?"

கனகசபை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜனவரியில நான்தான். அப்ப பழைய கம்ப்யூட்டர். சி.டி.யைப் போட்டன். எந்த நாடு எண்டு கேட்டுது. லிஸ்ட்டில மலேசியா இல்ல."

"அதனால சிலோனைப் போட்டீங்களா சார்?" என்றார் தம்புசாமி. "நீங்க பொறந்தது இங்க செந்தூல்ல இல்லையா?"

"செந்தூல்தான்."

"அங்க போயிருக்கீங்களா?"

"இல்ல."

பவுனம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

நாட்டை எடுத்துவிட்டு எண்ணை நானே கொடுத்தேன். 240. மேல் வரம்பு 264. சேமித்ததும் பெட்டிக்குள் டக் என்றது. பீப் நின்றது. 251-இலேயே சுவர் மின்சாரத்தில் ஓடியது. வெப்பநிலைப் பதிவில் இடைவெளி விழவில்லை.

சர்வீஸ் பாரத்தை நிரப்பினேன். காரணம்: மேல் வரம்பு தவறாக அமைக்கப்பட்டது. செய்த வேலை: திருத்தப்பட்டது. கனகசபை கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"பாஸ்," என்றார் தம்புசாமி. "அதுல என் பேரு இருக்கா?"

"இல்லண்ணே."

"மூணு லெட்டர்லயும் இருக்கே."

பாரத்தைத் திரும்ப வாங்கினேன். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்து, தமிழில் படித்துக் காட்டினேன். முந்தைய நான்கு முறையும் இதே காரணமாக இருக்கலாம். காவலர் தம்புசாமி கருவியைத் தொட்டதற்கு ஆதாரம் இல்லை.

"இருக்கலாமா?" என்றார் தம்புசாமி.

"அப்ப லாக் இல்லண்ணே. பாக்காததை நான் எப்படி எழுதறது?"

அவர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் பாரத்தைக் கனகசபையிடம் நீட்டினேன். அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு ஆங்கிலத்தில் 'இருக்கலாம்' என்றிருந்த இடத்தை ஒரே கோடாக அடித்து, மேலே 'ஆகும்' என்று எழுதி, ஓரத்தில் அரசாங்கக் கோப்பில் செய்வதுபோல் சுருக்கொப்பமிட்டார். 'ஆதாரம் இல்லை' என்பதையும் அடித்து, 'தொடவில்லை' என்று எழுதினார். அதற்கும் ஓர் ஒப்பம். கடைசியில், வரம்பை அமைத்தது பி. கனகசபை என்று ஒரு வரி. தேதி. நேரம் 11.40.

"நீங்கள் பாக்கேல்ல எண்டு எழுதலாம்," என்றார் என்னிடம். "செய்தவன் நான். எனக்குத் தெரியும்."

இளஞ்சிவப்பு நகலைக் கிழித்துத் தம்புசாமியிடம் கொடுத்தேன். அவர் எழுந்து, இரண்டு கைகளாலும் வாங்கி, படிக்காமல் மனைவியிடம் நீட்டினார். பவுனம்மாள் அறைக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். மூடியைத் திறந்து, மடித்து வைத்திருந்த மூன்று கடிதங்களை எடுத்துக் கனகசபையின் முன் வைத்தார்.

"இத எடுத்துக்குங்க சார். டின்னுல எடமில்ல."