டெலிட் அடித்த கை

நேர்காணலுக்கு வரப்போகிறவர்களின் பட்டியலில் நான்காவது ஆள் அவன்தான். புகைப்படத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தான். அதே இளிப்பு. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தண்ணீர் பிடிக்கும் இடம் வரை போய், குடிக்காமலே திரும்பி வந்தாள்.

பழைய ஆபீஸில் அவனுக்கு 'ஸ்டேட்டஸ்' என்று பெயர். டீம் லீடர். வேலை தெரியாது, மணிக்கொரு தரம் மேசை மேசையாக வந்து நின்று "ஸ்டேட்டஸ் என்ன?" என்று கேட்க மட்டும் தெரியும். பஸ் டிக்கெட் முன்பதிவுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி அது. அவள் அங்கே டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஸ்டேட்டஸ் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போனது தன் தப்புதான் என்பதை அவள் இன்றுவரை மறுத்ததில்லை. பரிசோதனைக்காகப் போட்டிருந்த பத்துப் பன்னிரண்டு பொய் டிக்கெட்டுகளை அழிக்க வேண்டும். டெலிட் கட்டளையை அடித்தவன், எந்த டிக்கெட்டுகளை என்று சொல்லும் 'வேர்' நிபந்தனையைச் சேர்க்க மறந்தான். அடுத்த நொடி அத்தனை முன்பதிவும் காலி. ஊர் ஊராகப் பயணிகள் பஸ் வாசலில் சண்டைக்கு நின்றார்கள். அவள் பாதிச் சாப்பாட்டில் ஓடிவந்து, மூன்றரை மணி நேரம் எழாமல் உட்கார்ந்து, ஒரு டிக்கெட் விடாமல் மீட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் மேலிடத்துக்குப் போன கடிதத்தில் கதை தலைகீழாக இருந்தது. அழித்தது அவள், காப்பாற்றியது ஸ்டேட்டஸ். அழித்தபோது திறந்திருந்தது அவள் லாகின். அவள் சொன்னதைக் காதில் வாங்க ஆளில்லை. அடையாள அட்டையை வாசல் காவலாளியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறினாள். அதற்குப் பிறகு ஏழு மாதம், ஏறி இறங்கிய ஆபீஸ்களில் எல்லாம், பழைய கம்பெனிக்கு ஒரு போன் போட்டதும் முகம் மாறிவிடும்.

இப்போது இந்தக் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலைக்கு வருகிறவர்களைக் கேள்வி கேட்பவள் அவள். நேர்காணலுக்கு இன்னும் ஒன்பது நாள். தெரிந்த ஆள் வந்தால் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லவில்லை. கேள்விகளைத் தயாரிக்க உட்கார்ந்தாள்.

வீட்டில் தங்கையும் அப்போது நேர்காணலுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி முடித்து மூன்று மாதமாகிறது. சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் நோட்டும் தாளுமாக எதிரும் புதிருமாய் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பதிலுக்குத் தயாராக, ஒருத்தி கேள்விக்கு.

"ப்ரைமரி கீக்கும் யூனிக் கீக்கும் என்ன வித்தியாசம்?"

தங்கை கடகடவென்று ஒப்பித்தாள். இண்டெக்ஸ் எப்போது வேகத்தைக் கூட்டும், எப்போது குறைக்கும் என்பதற்கும் பதில் வந்தது. பிறகு அக்காவின் தாளை இழுத்துப் பார்த்து முகம் சுளித்தாள்.

"'மீட்கும்போது உருவாக்கிய தற்காலிக டேபிளுக்கு என்ன பெயர்?' என்னக்கா கேள்வி இது? இதுக்குப் பதில் உனக்கு மட்டும்தானே தெரியும்?"

"அவனுக்கும் தெரியணும். அவன்தானே காப்பாத்தினானாம்."

"அப்போ இது இன்டர்வியூ இல்ல, பஞ்சாயத்து."

அவள் தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்து அந்த மாதிரிக் கேள்விகள் ஆறையும் அடித்தாள்.

"நீ சொல்றது சரி. மனசுல வச்சுக்கிட்டு பழி வாங்கிட்டான்னு நாளைக்கு ஒரு வாய் பேசக் கூடாது. வேலை தெரிஞ்ச யாரா இருந்தாலும் பதில் சொல்ற மாதிரி கேள்விதான் கேட்பேன். அதுலயே அவன் குப்புற விழணும்."

அதன்பின் ஒவ்வொரு கேள்வியையும் தங்கையிடம் கேட்டுப் பார்த்தாள். தங்கை பதில் சொன்னால் மட்டுமே கேள்வி தாளில் நின்றது. ஒன்றுக்கு மட்டும் தங்கை முதலில் தடுமாறி, இரண்டாம் முறை பிடித்துவிட்டாள். அந்தக் கேள்வியின் கீழே அக்கா இரண்டு கோடு போட்டாள்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. சின்ன அறை. மேலாளர் அம்மா லேப்டாப் முன்னால் இருந்தார். அவள் பக்கவாட்டில், கேமராவில் விழாத இடத்தில். ஸ்டேட்டஸ் சட்டைக் காலரைச் சரி செய்தபடி திரையில் வந்தான். உங்கள் அனுபவத்தில் பெரிய நெருக்கடி எது என்று மேலாளர் கேட்டதுதான் தாமதம், அவனாகவே கொண்டுவந்து கையில் வைத்தான்.

"ஒரு ஜூனியர் பொண்ணு மேடம். லைவ்ல வேர் போடாம டெலிட் அடிச்சிட்டா. மொத்த முன்பதிவும் போயிடுச்சு. நான்தான் உட்கார்ந்து மீட்டேன்."

மேலாளர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.  அவள் நிதானமாகக் கேட்டாள்.

"எப்படி மீட்டீங்க?"

"காலையில எடுத்த பேக்கப் இருந்தது மேடம். அதைப் போட்டேன்."

"காலைக்கு அப்புறம் வந்த டிக்கெட்?"

"லாக் இருக்குமே. நடக்கிறதெல்லாம் வரிசையா அதுல பதிவாகும். அதை மறுபடி ஓட விட்டேன்."

"எது வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

"கடைசி வரைக்கும் ஓட விட்டா, அந்த டெலிட்டும் மறுபடி ஓடுமே? எல்லாம் திரும்பவும் அழிஞ்சிருக்குமே?"

இதுதான் இரண்டு கோடு போட்ட கேள்வி. அழிப்பதற்கு ஒரு கணம் முன்னால் நிறுத்த வேண்டும். தங்கை சொல்லிவிட்ட பதில். ஸ்டேட்டஸ் மழுப்பினான். டீமில் யாரோ பார்த்தார்கள் என்றான், மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்றான், ரொம்ப நாளாயிற்று என்றான். அவள் அவசரப்படாமல் அடுத்தது, அதற்கடுத்தது என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு படி கீழே இறங்கினான். பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு குளிர்ந்தது.

"சரி, அந்த ஜூனியர் பொண்ணு என்ன ஆனா?"

தப்பித்தோம் என்று அவன் முகம் மலர்ந்தது. "அவளா? அவளே வேலையை விட்டுட்டா மேடம். இதுக்கெல்லாம் நிதானம் வேணும். கல்யாணம் ஆகி வீட்டோட இருப்பான்னு நினைக்கிறேன்."

அவள் கையை நீட்டி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஸ்டேட்டஸ் என்ன, சார்?"

அவன் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து பார்த்தான். பிறகு அவன் பக்கம் திரை அணைந்தது.

மேலாளருக்கு விஷயம் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. முழுவதையும் கேட்டுவிட்டுச் சீறினார். "முன்னாடியே சொல்லியிருந்தா உன்னை இந்த ரூமுக்குள்ளயே விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும் மேடம். அதனாலதான் சொல்லல."

ஒரு வருடத்துக்கு யாரையும் நேர்காணல் செய்யக் கூடாது என்று அவளுக்குத் தடை விழுந்தது. நியாயத்துக்காக அவனை வேறு இருவர் மறுபடி கேள்வி கேட்டார்கள், அவளுக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளாக. அங்கேயும் அரை மணி நேரம் தாங்கவில்லை.

அடுத்த வாரம் அவளுக்கு அவனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. 'அன்று என் கை தவறிவிட்டது. பயத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது. தயவுசெய்து இதை வெளியில் சொல்லாதே.'

தங்கை தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "பாவம்க்கா. மன்னிப்பு கேட்டுட்டானே, விட்டுடேன்."

"நல்லாப் படி. எங்கே மன்னிப்பு கேட்டிருக்கான்? வாயை மூடிக்கோன்னு கேட்டிருக்கான்."

பழைய கம்பெனி மேலிடத்தின் முகவரிகள் அவளிடம் அப்படியே இருந்தன. அந்த மெயிலை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் அவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினாள். பிறகு தங்கையின் நோட்டை எடுத்து, "ஜாயின் எத்தனை வகை, சொல்லு" என்றாள்.