ஐந்து வரியில் அக்கா

சின்னவளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது ஓர் அறக்கட்டளை. கட்டியதோடு விட்டார்களா என்றால் இல்லை. படித்து முடித்தவர்களை ஆண்டுக்கொருமுறை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, எழுத்துப் பயிற்சி என்ற பெயரில் உருகவைப்பார்கள். இந்த ஆண்டுப் பயிற்சி இது: நன்றி என்ற சொல்லே வராமல், ஐந்து வரியில், பத்து நிமிடத்தில் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்தவர்கள் காது குளிரத்தானே இத்தனை ஜோடனையும். உங்களுக்கா எழுதுவேன் என்று கறுவிக்கொண்டு, அக்காவுக்கு எழுதினாள்.

'அக்கா பத்தாவதோடு நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து நான் நடந்தேன். அவள் கையில் இஸ்திரிப் பெட்டி, என் கையில் பேனா. அவள் விரலின் தழும்புகளே என் மதிப்பெண்கள். அவளை இனி யார் படிக்கவைப்பது?'

வாசித்து முடித்தபோது கூடமே மூக்கைச் சிந்தியது. அறக்கட்டளைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிதாக அச்சடித்து, அக்காவின் படத்தோடு வாசலில் மாட்டப் போவதாகவும், சனிக்கிழமை விழாவில் அக்காவையே மேடையேற்றப் போவதாகவும் சொன்னார்கள். அக்காவின் கையெழுத்து மட்டும் வேண்டும். சின்னவள் முறைத்துக்கொண்டுதான் படிவத்தை வாங்கினாள். உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை.

அக்கா வேலை செய்வது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் இஸ்திரிப் பிரிவில். பன்னிரண்டு மேசைகளுக்கு அவள்தான் மேற்பார்வை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போய், நீராவிக் குழாயோரம் நின்றபடியே சின்னவள் வாசித்தாள். பொத்தான் தைக்கிற ஒரு பெரியம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அக்கா டப்பாவை மூடி வைத்தாள்.

"நான் உனக்காகப் படிப்ப விட்டேன்னு யாருடி உனக்குச் சொன்னா?"

அம்மாதான், என்றாள் சின்னவள். ஊரே அப்படித்தான் சொல்லும், என்றாள்.

"கணக்குல ரெண்டு தடவ கோட்டை விட்டேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டு அம்மா கட்டிவிட்ட கத அது. எனக்குப் படிப்புன்னாலே வேப்பங்காய். இங்க வந்த மொத நாளே இந்த வேல புடிச்சுப்போச்சு. இதப் போய் வாசல்ல மாட்டினா, நாளைக்கு இந்தப் பன்னெண்டு பேரும் என்னைய ஐயோ பாவம்னு பாப்பாங்க. அப்புறம் எவ என் பேச்சக் கேப்பா?"

சின்னவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்காவுக்கு நடந்த அநியாயம் என்று பத்து வருடமாக எத்தனை பேரிடம் சண்டை பிடித்திருக்கிறாள், வகுப்பில், வீட்டில், பேருந்தில். அத்தனைக்கும் அடியில் இருந்தது இரண்டு கணக்குப் பரீட்சை.

"அப்ப உனக்கு நான் எதுக்குத்தான் எழுதறது?"

"எதுக்கும் வேணாம். எழுதியே தீருவேன்னா நடந்தத எழுது."

கையெழுத்து போடாமலே படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மணி அடித்ததும் மேசைக்குப் போய்விட்டாள்.

சின்னவள் அங்கேயே அட்டைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, படிவத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். பத்து நிமிடம் போதவில்லை. கோபத்தை எடுத்துவிட்டால் ஒரு வரிகூட எழுந்து நிற்க மாட்டேன் என்றது.

'அக்காவின் முதல் சம்பளத்தில் அவளுக்குச் செருப்பு வந்தது, எனக்கு ஒன்றும் வரவில்லை. கல்லூரியில் கேலி செய்கிறார்கள் என்று நான் அழுதுகொண்டு வந்த அன்று, திரும்பிப் போ, எனக்கு வேலை இருக்கிறது என்றாள். போனேன். நேர்முகத் தேர்வுக்கு என் சட்டையை மூன்று முறை தேய்த்தாள், மூன்று முறையும் திட்டிக்கொண்டே. காலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துத் தேய்க்கிற அவளைப் போல் வேலை தெரிந்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை.'

அறக்கட்டளைக்கு அங்கிருந்தே தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். பயிற்சி கொடுத்த அம்மாள் கேட்டுவிட்டு, முதலில் எழுதியதில் இருந்த ஈரம் இதில் இல்லையே, சம்பந்தப்பட்டவரிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்கலாமே என்று இழுத்தார். பேசியாகிவிட்டது, பழையதை மாட்டக் கூடாது, புதியது பிடிக்காவிட்டால் இரண்டும் வேண்டாம் என்றாள் சின்னவள். அப்படியானால் வேறொருவர் எழுதியதைப் போட்டுக்கொள்கிறோம் என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

நீராவிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, புதியதை அக்காவிடம் வாசித்தாள். அக்கா கையை நிறுத்தாமல் கேட்டாள். பக்கத்து மேசைக்காரிகளும் கேட்டார்கள், செருப்பு வரிக்குச் சிரித்தார்கள்.

"கடேசி வரி தப்பு," என்றாள் அக்கா. "காலர ஓரத்துலேருந்து நடுவுக்குத்தான் தேய்க்கணும். நடுவுலேருந்து இழுத்தா முனையில சுருக்கம் விழும். மாத்து."

சின்னவள் அடித்துவிட்டு மாற்றி எழுதினாள்.