பளபளப்பான ஆறு

மேஜைமேல் இருந்த பன்னிரண்டு மெழுகு மாம்பழங்களையும் வெங்கடம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். அது கரண்ட் நினைத்தால் வருகிற, நினைத்தால் போகிற 2008ஆம் வருடம். சாதா மெழுகுவர்த்தி எல்லாக் கடையிலும் இருந்தது. காம்பு இடத்தில் திரி வைத்த மாம்பழம் என் மனைவி ஜெயமணியிடம் மட்டும்தான்.

“ஒண்ணு ஏத்திப் பாக்கறேன்மா. அரை மணி நேரம் நின்னு எரிஞ்சா என் கடையில உன் சரக்குதான். இல்லன்னா மனசுல வெச்சுக்காத.”

ஜெயமணி தலையாட்டினாள். மூன்று வாரமாக எங்கள் அடுப்பில் பாதி நேரம் சோறு, மீதி நேரம் மெழுகு. ரப்பர்போல வளையும் சிலிகான் அச்சில் திரியைக் கோத்து, மேலே குச்சியில் கட்டி, மெழுகை ஊற்றி, ஆறியதும் காலுறையைக் கழற்றுவதுபோல உரித்தெடுப்பாள்.

நானோ வெங்கடம்மா கை எந்த மாம்பழத்துக்குப் போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பிளாஸ்டிக் மோல்டிங் ஆபரேட்டர். அச்சு திறந்தால் ஸ்ப்ரே அடிக்க வேண்டும், பொருள் ஒட்டாமல் வரும். பன்னிரண்டு வருடம் இதே வேலை. கோயிலில் நடை திறந்தால்கூட என் வலது கை தானாக உயரும்; பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெயமணி திரி கோத்த ஆறு அச்சுகளை வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். உதவி செய்கிறேன் பேர்வழி என்று, கம்பெனியில் தூக்கிப்போட இருந்த ஸ்ப்ரே டப்பாவால் ஆறிலும் அடித்துவிட்டேன். வந்து மெழுகு ஊற்றினாள். ஆறும் பளபளவென்று வந்தன. “என் கை தேறிடுச்சு பாருங்க!” என்று பூரித்தாள். அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது?

இன்று மதியம் டீ நேரத்தில் அச்சு செய்கிற டூல்ரூம் ஜெகதீஷிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “அண்ணே, சிலிகானுக்கு ஸ்ப்ரேவே வேணாம். திரியில பட்டா அது மெழுகு உறிஞ்சாது. எரியாதுண்ணே.” ஷிப்ட் முடிந்து ஓடி வந்தால், வெங்கடம்மா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவர் கை, சனிக்கிழமை ஸ்ப்ரே படாமல் ஊற்றிய மங்கலான ஆறில் ஒன்றின்மேல் நின்றது. மூச்சு விட்டேன். அப்புறம் நகர்ந்து பளபளப்பானதை எடுத்தது. விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

ஏற்றினார். சுடர் படபடத்தது, பயறளவு சுருங்கியது, அணைந்தது. ஜெயமணி ஃபேனை நிறுத்தினாள். மறுபடி ஏற்றினாள். அணைந்தது. மூன்றாம் தரம் விரல் சுடும்வரை தீக்குச்சியைப் பிடித்தாள்; அப்போதும் அணைந்தது.

“நான்தான் திரிய மெலிசா வாங்கிட்டேன் போலக்கா,” என்றாள்.

வெங்கடம்மா கைப்பையை எடுத்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் மட்டும் இனி ஒவ்வொரு திரியையும் தடவிப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள்.

“அம்மா, உக்காருங்க. தப்பு அவளுது இல்ல, என்னுது.”

ஸ்ப்ரே அடித்த கதையைச் சொல்லி முடித்தேன். ஜெயமணி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கிலோ மெழுகு உருகியிருக்கும்.

“கேக்காம ஏம்ப்பா அடிச்ச?” என்றார் வெங்கடம்மா.

“பன்னெண்டு வருஷப் பழக்கம்மா.”

“கண்ணாலம் ஆயி எத்தன வருஷம்?”

“அதுவும் பன்னெண்டுதான்.”

“கேக்கற பழக்கம் மட்டும் வரல.”

ஜெயமணி மங்கலான ஒன்றை எடுத்து ஏற்றினாள். மூவரும் சுடரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பத்து நிமிடம். இருபது. ஒருமுறை தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோதும் சுடர் நிமிர்ந்தே நின்றது.

அரை மணி கழிந்து வெங்கடம்மா எழுந்தார். “மங்கலா இருந்தா இருக்கட்டும், எரியுதே. அடுத்த ரெண்டு டஜன் எப்ப தருவ?”

ஜெயமணி என் பக்கம் திரும்பவே இல்லை.

“இவரு டியூட்டிக்குப் போற நாளா பாத்து ஊத்தறேன்கா.”